மாப்பிள்ளைக்கு விசாரிக்கிறோம், வேலைக்கு விசாரிக்கிறோமா?



போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து, முறத்தில் பருப்பைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாத்தனார் போன் செய்தாள். அவள் பெண்ணுக்குக் காங்கயம் பக்கம் ஒரு வரன் வந்திருக்கிறதாம். "அண்ணா, கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்க" என்றாள். அவ்வளவுதான், எங்கள் வீட்டுக்காரர் கயிற்றுக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். காங்கயத்து டீக்கடைக்காரர், பழைய சிநேகிதர், பெரியப்பா மகன் என்று நாலு பேருக்குப் போன். பையன் குணம் எப்படி, குடி உண்டா, கடன் உண்டா, வீடு சொந்தமா ஒத்தியா, மாமியார் வாய் எப்படி என்று ஒரு மணி நேரத்தில் பையனின் கொள்ளுத்தாத்தா வரைக்கும் ஜாதகம் வந்துவிட்டது!

அன்று பொழுது சாயும்போது என் பெரிய மகள் செல்போனும் கையுமாக ஓடி வந்தாள். காஸ்ட்யூம் டிசைன் படிப்பு முடித்தவள், ஏழெட்டு இடத்துக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். "அம்மா, ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில புதன்கிழமை இன்டர்வியூவுக்கு வரச் சொல்லியிருக்காங்க. மெர்ச்சண்டைசர் டிரெய்னி. மாசம் 18,500!"

எங்கள் வீட்டுக்காரருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அந்தக் கம்பெனியா? பஸ்ல போறப்பப் பார்த்திருக்கேன். முன்னால பூராக் கண்ணாடி. நல்லபடியாப் போயிட்டு வா கண்ணு" என்றார்.

விசாரணை அத்தோடு முடிந்தது!

எனக்கு மனசு சுருக்கென்றது. நாத்தனார் மகள் வாழப்போகிற வீட்டுக்கு நாலு போன். என் மகள் வாரத்தில் ஆறு நாள், தினம் பத்து மணி நேரம் இருக்கப்போகிற இடத்துக்கு விசாரணை, பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்த கண்ணாடி!

இதை நான் சும்மா சொல்லவில்லை. விசாரிக்காமல் வேலைக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டிலேயே ஒருத்தி பட்டிருக்கிறாள். என் சொந்தத் தங்கை.

எங்கள் பிறந்த ஊர் திண்டுக்கல் பக்கம். 2003-ல் தங்கைக்குப் பதினேழு வயது. வெள்ளைச் சட்டை போட்ட ஏஜெண்ட் ஒருவர் ஊருக்குள் வந்தார். கையில் நோட்டீஸ், அதில் மாலையும் கழுத்துமாக ஒரு கல்யாணப் பெண் படம். மூன்று வருஷம் நூல் மில்லில் வேலை, தங்க இடம், சாப்பாடு, சின்னதாக ஒரு படி, முடிவில் மொத்தமாக 35,000 ரூபாய் என்றார். 'சுமங்கலித் திட்டம்' என்று அதற்கு மங்களகரமான பெயர் வேறு. அப்பா, "அவ கல்யாணச் செலவை அவளே சம்பாதிச்சுக்குவா" என்று அனுப்பிவிட்டார். மில் எங்கே இருக்கிறது, எத்தனை மணி நேர வேலை, நடுவில் உடம்பு சரியில்லாமல் போனால் என்ன கணக்கு? ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நான் அப்போதுதான் கல்யாணமாகித் திருப்பூர் வந்த புதுசு.

இரண்டு வருஷம் ஏழு மாதம் வேலை செய்தாள். மஞ்சள் காமாலை வந்தது. வீட்டுக்கு வந்து இருபது நாள் படுத்து எழுந்து திரும்பப் போனால், "நடுவுல நின்னுட்டே, கணக்கு முடிஞ்சுபோச்சு" என்றுவிட்டார்கள். கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அப்பா போய்க் கேட்டபோது கேட்டைத் தாண்டி உள்ளே விடவில்லை. 35,000 ரூபாய் போனது போனதுதான். அதைவிட, "என்னை எங்கே அனுப்புறோம்னு ஒருத்தராச்சும் வந்து பார்த்தீங்களா?" என்று அவள் அன்றைக்குக் கேட்டாளே, அதற்கு எங்கள் யாரிடமும் பதில் இல்லை.

அவள் ஒருத்தி கதை மட்டும் அல்ல இது. இந்தத் திட்டத்தைப் பற்றி நெதர்லாந்து நாட்டு அமைப்புகள் இரண்டு 2011-ல் அறிக்கை வெளியிட்டு, வெளிநாட்டுத் துணிக்கடைக்காரர்கள் வரைக்கும் பேச்சுப் போயிற்று. எத்தனையோ கிராமத்துப் பெண்கள் இப்படிப் போயிருந்தார்கள். எல்லா மில்லும் மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. சொன்ன பணத்தை வாங்கிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. ஆனால் எது நல்லது, எது கெட்டது என்று போவதற்கு முன்னால் பார்க்க வேண்டாமா?

அன்று ராத்திரி இதைச் சொன்னதும் எங்கள் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "வாடகை ஏறிப்போச்சு. பையன் அடுத்த வருசம் காலேஜ் போகோணும். வர்ற வேலையை நீயே கெடுக்காதே. அது அந்தக் காலம்" என்றார்.

"2011-ல நீங்க என்ன பாடுபட்டீங்க?" என்று மெதுவாகக் கேட்டேன். அப்போது அவர் ஒரு டையிங்கில் வேலை பார்த்தார். நொய்யலில் சாயக்கழிவு கலக்கிறது என்ற வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டு, திருப்பூரில் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. கழிவு நீரை ஒரு சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரிக்க வேண்டும் என்று கோர்ட் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. 'நம்ம பட்டறையில அந்த ஏற்பாடு இருக்கா?' என்று வேலைக்குச் சேரும்போது அவர் கேட்டாரா? நான்தான் கேட்டேனா? ஐந்து மாதம் கடனில் சாப்பிட்டோம்.

அவர் ஒன்றும் பேசாமல் திரும்பிப் படுத்துக்கொண்டார். சரி, மறுப்பு இல்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்!

மறுநாள் நானும் மகளும் செல்போனோடு உட்கார்ந்தோம். நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தவள். எனக்கே புரிந்தது என்றால் உங்களுக்குப் புரியாதா?

முதலில் ஜி.எஸ்.டி. பில், லெட்டர் எதிலாவது கம்பெனியின் ஜி.எஸ்.டி. நம்பர் இருக்கும். மொத்தம் 15 எழுத்தும் எண்ணும். தமிழ்நாட்டில் பதிந்தது என்றால் 33 என்று ஆரம்பிக்கும். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அதைப் போட்டால் கம்பெனியின் சட்டப்பூர்வப் பெயர், எப்போது பதிந்தது, தனி ஆள் கம்பெனியா, பங்குதாரர் கம்பெனியா, பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா எல்லாம் வரும். 'பிரைவேட் லிமிடெட்' என்று போட்டிருந்தால் மத்திய அரசின் கம்பெனி விவகாரத் துறை இணையதளத்திலும் பார்க்கலாம். நம் ஊரில் பாதிக்கு மேல் பங்காளிகளும் மாமன் மச்சான்களும் சேர்ந்து நடத்துகிற பங்குதாரர் கம்பெனிதானே, அவை அதில் இருக்காது. 'இல்லையே' என்று பயப்பட வேண்டாம்.

அடுத்தது பி.எஃப். இதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம்! வருங்கால வைப்பு நிதியின் இணையதளத்தில் நிறுவனத்தைத் தேட ஓர் இடம் இருக்கிறது. கம்பெனி பெயரைப் போட்டால், எந்த மாதத்துக்கு, எத்தனை பேருக்கு, எவ்வளவு பணம் கட்டினார்கள், என்றைக்குக் கட்டினார்கள் என்று வரிசையாக வருகிறது. நம்மைப் போல யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், காசு இல்லை. ஒரு மாதம் கட்டி இரண்டு மாதம் விட்டிருந்தால் அதிலேயே தெரிந்துவிடும்.

எங்கள் கண்ணாடிக் கம்பெனிக்குப் பார்த்தோம். 160 பேர் சொச்சத்துக்குப் பணம் கட்டியிருந்தார்கள். ஆனால் அங்கே 500 பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள் என்று அவர்களே விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். மகள் முகம் வாடிவிட்டது. அவசரப்படக் கூடாது என்றேன். காண்ட்ராக்டர் மூலம் வருகிறவர்களுக்குக் காண்ட்ராக்டர் பெயரில் பணம் கட்டுவதும் உண்டு. அதனால் காகிதத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

'தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் பார்க்க வேண்டாம்' என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள் அல்லவா? கம்பெனிக்குத் தண்ணீர்த் துறை எது தெரியுமா? எதிரே இருக்கிற பேக்கரிதான்!

செவ்வாய்க்கிழமை பொழுதோடு தங்கையைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் இப்போது பல்லடத்தில் இருக்கிறாள், பவர் டேபிள் டெய்லர். இந்த விஷயத்தில் அவளைவிடக் கெட்டிக்காரி யார்? ஒன்றரை ஷிப்ட் முடிந்து எட்டரை மணிக்குக் கூட்டம் வெளியே வந்தது. தங்கை டீ கிளாஸோடு போய் ஓர் அம்மாவிடம், "ஏனுங்க அக்கா, உள்ள ஆள் எடுக்கறாங்களா?" என்றாள்.

"செக்கிங்குக்கு எப்பவும் எடுப்பாங்க அம்மிணி. நிக்கறதுக்குத்தான் ஆள் இல்ல" என்றார் அந்த அம்மா.

பாருங்கள், ஒரே வரியில் எல்லாம் வந்துவிட்டது! பிறகு இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். சனிக்கிழமைச் சம்பளம் இரண்டு வாரம் தள்ளித்தான் வருமாம். ஆபீஸ் பெண்கள் ஷிப்மென்ட் சமயத்தில் ராத்திரி பதினோரு மணி வரைக்கும் இருப்பார்களாம், வண்டி கிடையாதாம், அவரவர் வீட்டிலிருந்து யாராவது வந்துதான் கூட்டிப்போக வேண்டுமாம். "ஆனா ஒண்ணு, ஊசி கையில ஏறுனா உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாங்க. அதையும் சொல்லோணுமில்ல" என்றார் முதல் அம்மா. நியாயமான மனுஷி. நல்லதும் கெட்டதும் சேர்த்துச் சொல்கிறவர் பேச்சைத்தான் நம்பலாம் என்று எனக்குப் பட்டது.

கிளம்பும்போது தங்கை கட்டடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அக்கா, மூணு மாடிக்கு ஒரே படிக்கட்டு. சைடுல இருக்கற கேட்டுல பூட்டுத் தொங்குது பாரு" என்றாள். எனக்கு டாக்காவின் ஞாபகம் வந்தது. 2013 ஏப்ரல் 24-ம் தேதி, பங்களாதேஷில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தார்களே! பெரும்பாலும் நம் பெண்களைப் போலத் துணி தைத்தவர்கள். சுவரில் விரிசல் விட்டது முந்தின நாளே தெரிந்தும் உள்ளே போகச் சொன்னார்கள். எந்தக் கடைக்குத் தைத்தார்கள் என்று தெரிந்துகொள்ள இடிபாடுகளுக்குள் லேபிள் தேட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் வெளிநாட்டுக் கம்பெனிகள் பலவும் 'எங்களுக்குத் தைப்பவர்கள் இன்னார்' என்று பட்டியலை இணையத்தில் போட ஆரம்பித்தன. நாம் விசாரிக்கிற கம்பெனியின் பெயர் அந்தப் பட்டியல்களில் இருக்கிறதா என்றும் பார்க்கலாம். இருந்தால், வெளியாட்கள் அவ்வப்போது வந்து தணிக்கை செய்கிறார்கள் என்று ஓரளவுக்கு நம்பலாம். ஓரளவுக்குத்தான்.

புதன்கிழமை வந்தது. எனக்குப் போக வேண்டாம் என்றுதான் இருந்தது. மகள் கேட்கவில்லை. "கேட் முன்னால கேட்டதை மட்டும் வெச்சு வேண்டாம்னு சொன்னா நியாயமாம்மா? நான் போய் அவங்ககிட்டயே கேட்கறேன்" என்றாள். நியாயம்தானே! அனுப்பி வைத்தேன்.

மத்தியானம் வந்தாள். வேலை கிடைத்துவிட்டதாம். நாளைக்கே சேரச் சொன்னார்களாம். ஆனால் ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாவற்றையும் அவர்களிடம் கொடுத்துவிட வேண்டுமாம். எத்தனை நாளைக்கு என்று இவள் கேட்டிருக்கிறாள்.

"மூணு வருசத்துக்கு."

அப்போது தங்கையும் வீட்டில் இருந்தாள். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் அரிவாள்மணையை விட்டு நிமிர்ந்தாள். "அதே மூணு வருசம்!" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்காரர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, "வேற இடம் பார்க்கலாம் கண்ணு" என்று மட்டும் சொன்னார். 18,500 ரூபாயை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த பத்து நாளில் இன்னொரு கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. கண்ணாடியும் இல்லை, ஒன்றும் இல்லை. ஓட்டுக் கட்டடத்தில் ஆரம்பித்து, பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டே போன பழைய கம்பெனி. இந்தத் தடவை எங்களுக்கு வழி தெரியும் அல்லவா? பி.எஃப். கணக்கு மாதம் தவறாமல் இருந்தது. பேக்கரியில் கேட்டால் கைமடிக்கிற ஓர் அம்மா, "பதினோரு வருசமா இங்கதான் கண்ணு. முதலாளி சத்தம் போடுவாரு. சம்பளம் நாள் தவறாது" என்றார்.

விசாரித்ததில் இன்னொரு லாபமும் கிடைத்தது. இன்டர்வியூவில் முதல் கேள்வியே, "எங்க கம்பெனியைப் பத்தி என்னம்மா தெரியும்?" என்பதுதானாம். என் மகள் சொன்னாளாம்: "முன்னால உள்நாட்டுக்குப் பனியன் போட்டீங்க. இப்ப குழந்தைகள் துணி ஏற்றுமதி பண்றீங்க. நிட்டிங் சொந்தமா இருக்கு, சாயம் வெளியில குடுக்கறீங்க. ஆர்டர் ஐரோப்பாவுக்கும் போகுது, அமெரிக்காவுக்கும் போகுது." எதிரே இருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "யாரும்மா சொன்னாங்க?" என்று சிரித்தாராம்.

அந்த அமெரிக்கா விஷயத்தையும் சும்மா கேட்டு வைக்கவில்லை. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் நாட்டுச் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டபோது திருப்பூர் எப்படித் தவித்தது என்று இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும். ஒரே நாட்டை நம்பியிருந்த கம்பெனிகளுக்குத்தான் அடி ஜாஸ்தி. நாலு நாட்டுக்கு அனுப்புகிறவர்கள் கொஞ்சம் தாக்குப்பிடித்தார்கள். நம் பெண் வேலைக்குப் போகிற இடம் ஒற்றைக் காலில் நிற்கிறதா, இரண்டு காலில் நிற்கிறதா என்று நாமும் தெரிந்துகொள்வது நல்லதுதானே!

அதன்பிறகு, "நீ ஏதாவது கேட்கணுமா?" என்றார்களாம். இந்த இடத்தில்தான் நம் பெண்கள் தலையைக் குனிந்து, "ஒண்ணும் இல்லைங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். என் மகள் கேட்டாள். ஷிப்மென்ட் நேரத்தில் எத்தனை மணி வரை, வீடு சேர வண்டி உண்டா, சர்டிபிகேட் காப்பி போதுமா, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. முதல் மாதத்திலிருந்தே உண்டா? எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. ஈ.எஸ்.ஐ. கேள்விக்கு மட்டும், "உங்கம்மா வக்கீலா?" என்றாராம் அவர். "இல்லைங்க சார், வீட்டுலதான் இருக்காங்க" என்றிருக்கிறாள்!

சம்பளம் 16,000. முன்னதைவிட 2,500 குறைச்சல். மாசியில் சேர்ந்தாள். மூன்று மாதம் ஆகிவிட்டது. பையன் காலேஜுக்கு இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். அந்த 2,500 இருந்தால் எவ்வளவு உதவியாக இருக்கும் என்று எனக்கும் மாதக் கடைசியில் தோன்றத்தான் செய்கிறது. ஆனால் சர்டிபிகேட் எங்கள் பீரோவில் இருக்கிறது. நாளைக்குப் பிடிக்கவில்லை என்றால் என் மகள் எழுந்து வரலாம்.

இனி, நீங்கள் குறித்து வைத்துக்கொள்ளச் சில விஷயங்கள்:

ஒன்று: நியமனக் கடிதம். 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, வேலைக்கு வைக்கிற எல்லாருக்கும் எழுத்தில் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும். என் தங்கை கையில் அப்படி ஒரு காகிதம் இருந்திருந்தால்! கேட்டு வாங்கச் சொல்லுங்கள். வாங்கியதும் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு: பி.எஃப். அதற்குக் கணக்கிடும் சம்பளம் 10,000 என்றால் நம் கையிலிருந்து 1,200 பிடிப்பார்கள், கம்பெனி 1,200 போட வேண்டும். நம்மிடம் பிடித்ததை மட்டும் பார்த்து நிம்மதி அடையக் கூடாது, கட்டினார்களா என்று பாஸ்புக்கில் பார்க்க வேண்டும்.

மூன்று: ஈ.எஸ்.ஐ. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு உண்டு. 10,000 ரூபாய்க்கு நம் பங்கு 75 ரூபாய்தான், கம்பெனி பங்கு 325. இதில் வைத்தியம் நமக்கு மட்டும் அல்ல, நம்மை நம்பி இருக்கிற குடும்பத்துக்கும் உண்டு. தேவையான நாள் சந்தா கட்டியிருந்தால், உடம்பு முடியாமல் லீவு போடும்போது வருஷத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். பிரசவத்துக்கு 26 வாரம். இளம் தாய்மார்கள் இதை மறக்கவே கூடாது.

நான்கு: பெண்கள் பாதுகாப்பு. பத்துப் பேர், அதற்கு மேல் வேலை செய்கிற எந்த இடத்திலும் பாலியல் தொந்தரவு பற்றிய புகாரை விசாரிக்க ஒரு கமிட்டி இருக்க வேண்டும். இது 2013-ம் வருஷத்துச் சட்டம். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். பெயர்களை எழுதிப் போட்ட போர்டு கண்ணில் படுகிறதா என்று இன்டர்வியூவுக்குப் போகிற அன்றே பார்த்துவிடலாம். அப்படியே தண்ணீர்க் குழாய், கழிப்பறை, அவசர வழி இவற்றையும் ஒரு பார்வை. ராத்திரி 7 மணிக்கு மேல் பெண்களை வேலைக்கு வைக்க அவர்கள் சம்மதமும் பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

ஐந்து: ஒரிஜினல் சர்டிபிகேட், கையெழுத்துப் போட்ட வெற்றுக் காகிதம், வேலைக்கு முன்பணம் இந்த மூன்றில் எதைக் கேட்டாலும் எழுந்து வந்துவிட வேண்டும். போனிலேயே முன்பணம் வாங்கி ஏமாற்றினால் 1930 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். பெண்களுக்கு எந்த ஆபத்து என்றாலும் 181.

"இவ்வளவு கேட்டால் வேலை தருவார்களா?" என்று நீங்கள் நினைக்கலாம். ஒழுங்காக நடத்துகிறவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால், சேருவதற்கு முன்னாலேயே விஷயம் தெரிந்துவிட்டது என்று சந்தோஷப்படுங்கள்!

நாத்தனார் மகளுக்கு அந்தக் காங்கயத்து வரனே முடிந்துவிட்டது, ஆவணியில் கல்யாணம். நிச்சயதார்த்தத்தன்று ஊரிலிருந்து வந்திருந்த ஒரு சித்தி, தன் மகளை ஏதோ மில்லுக்கு அனுப்பப் போவதாகவும் ஏஜெண்ட் வந்து பேசிவிட்டுப் போனதாகவும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் என் தங்கை எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "சித்தி, மில்லு பேரு என்ன? நீங்க போய்ப் பார்த்தீங்களா?" என்றாள்.

உங்கள் தெருவிலும் இந்தக் கோடையில் யாராவது ஒரு பெண் படிப்பு முடித்து வேலைக்குக் கிளம்புவாள். சம்பளம் எவ்வளவு என்று எல்லாரும் கேட்பார்கள். நீங்கள் அந்த இரண்டாவது கேள்வியைக் கேளுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.